இசித்ரோ கோண்டோரியின் வயிற்றுச் சூடு

ஆண்டிஸ் மலையில், மரங்கள்கூட ஏறிவரப் பயந்து நின்றுவிட்ட உயரத்துக்கும் மேலே, சாந்தா ரூமி என்றொரு சுரங்க ஊர் உண்டு. அந்த ஊரில் ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, தலைநகர் அணியோடு நடந்த கால்பந்தாட்டத்தின் எழுபத்தோராவது நிமிடத்தில், நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நடுக்கள ஆட்டக்காரன் இசித்ரோ கோண்டோரிக்கு வயிறு எரியத் தொடங்கியது. வயிறு எரிகிறது என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அவனுக்கு நிஜமாகவே எரிந்தது.

தன் பக்கத்துப் பாதியில் பந்தை வாங்கிய இசித்ரோ, ஒரே ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, நாலு எதிராளிகளின் தலைக்கு மேலாக நாற்பது கஜ தூரத்துக்கு அதை அனுப்பினான். அது வளைந்து, கொஞ்சம் தயங்கி, கூடு திரும்பும் புறாவைப் போல இறங்கி, முன்களத்தில் தனியாக நின்றிருந்த கஸ்பார் ரியோஸின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கஸ்பார் செய்ததெல்லாம் அதைக் கீழே நழுவவிட்டு ஒரு காலைத் தூக்கியதுதான். கோல். நாலாயிரம் பேரும் கஸ்பாரின் பெயரைக் கத்தினார்கள், கோல்கீப்பர் உட்பட ஒன்பது ஆட்டக்காரர்கள் ஓடிப்போய் அவன்மேல் விழுந்து புரண்டார்கள், வேலியைத் தாண்டி வந்த சுரங்கத் தொழிலாளிகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். இடுப்பில் கைவைத்து நடுவட்டத்தில் தனியாக நின்றவன் இசித்ரோ.

முதலில், சூடாக சூப் குடித்ததுபோல் தொப்புளுக்குக் கீழே ஓர் இதம் பரவியது. பிறகு அது இதமாக இல்லை. ஜூன் மாதம் அந்தப் பக்கத்தில் கடுங்குளிர். புல்மேல் உறைபனி கண்ணாடித் தூள் மாதிரி கிடக்கும். அவன் காலைச் சுற்றியிருந்த பனி வியர்த்தது, மினுங்கியது, தண்ணீரானது, சேறானது. ஆட்டத்தை மறுபடி தொடங்கிவைக்க வந்த நடுவர், நடுவட்டத்திலிருந்து ஆவி பறப்பதைப் பார்த்தார், பந்தை ஓரடி தள்ளிக் காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தார், விசிலை ஊதினார்.

கஸ்பாரும் இசித்ரோவும் ஒரே தெருவில், ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். கஸ்பார் உயரம், சுருட்டை முடி, சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். இசித்ரோ குள்ளம், சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவரின் மகன், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவன். கஸ்பாரை அவன் வெறுத்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். அவனுக்குக் கஸ்பாரைப் பிடிக்கும். கஸ்பார் எந்த நொடியில் எந்தப் பக்கம் ஓடுவான் என்பது கஸ்பாருக்குத் தெரிவதற்கு முன்பே இசித்ரோவுக்குத் தெரியும். அப்படித் தெரிந்துகொள்ள ஒரு மனிதனைத் தன் உடம்பைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் வந்தது வினை.

சூட்டை முதலில் கண்டுபிடித்தவை நாய்கள். அவன் வீட்டு வாசலில் வந்து படுத்தன. அதன்பின் கோழிகள். பிறகு, கம்பளித் துணி துவைத்தால் மூன்று நாளானாலும் காயாத அந்த ஊரின் பெண்கள், "இசித்ரோ, வீட்டில்தானே இருப்பே?" என்று கேட்டுவிட்டு அவன் ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டினார்கள். சுரங்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் அவன் வயிற்றில் தெர்மாமீட்டரை வைத்தார், அது வெடித்தது, அல்சர் என்று எழுதி வெள்ளை மருந்து கொடுத்தார். பாதிரியார் விஷயத்தை ஒரு வாரம் யோசித்து, எரிவது பாவமில்லை, எரிந்ததை வைத்து யாருக்காவது கெடுதல் செய்தால்தான் பாவம் என்று தீர்ப்புச் சொல்லி, குளிர்காலப் பூசைகளில் அவனைக் கோயிலின் நடுவில், குழந்தைகளோடு வரும் தாய்மார்களுக்கு மத்தியில் உட்காரவைத்தார். கீழத்தெருவில் கிழங்கு வற்றல் போடுகிறவர்கள் மட்டும் மனு கொடுத்தார்கள். உருளைக்கிழங்கை வெட்டவெளியில் உறையவிட்டு, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து வற்றலாக்குவது அவர்கள் பிழைப்பு, பனி இல்லாவிட்டால் கிழங்கு அழுகிப்போகும். நகராட்சி கூடிப் பேசி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இசித்ரோ கோண்டோரி மேலத்தெருவிலேயே குடியிருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அவனும் மறுபேச்சு பேசாமல் வீடு மாறினான்.

அது என்ன சூடு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல், "இன்றைக்கு இசித்ரோ நல்லா இருக்கான்" என்று, மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசுகிற குரலில் பேசிக்கொண்டார்கள்.

கஸ்பார் ஒவ்வொரு கோல் போடும்போதும் சூடு ஒரு பிடி ஏறியது. ஐந்து வருடத்தில், இசித்ரோ கொடுத்த பந்துகளில் அவன் அறுபத்தொரு கோல் போட்டான். பிறகு கஸ்பாரைத் தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள், பிறகு கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவன் படம் பிஸ்கட் உறையில் வந்தது, அந்த பிஸ்கட் சாந்தா ரூமியின் கடைகளுக்கும் வந்தது. அன்றைக்கு மேலத்தெருக் கூரைகளிலிருந்து பனிக்கட்டி சரிந்து விழும் சத்தம் மதியம் வரைக்கும் கேட்டது. இசித்ரோவைத் தேசிய அணிக்கு யாரும் கூப்பிடவில்லை. பார்க்க வந்தவர்கள் கோல் போட்டவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முப்பத்தாறு வயதில் அவன் முட்டி தேய்ந்துபோனது. விளையாட்டை விட்டால் ஆள் ஆறிப்போய்விடுவானோ என்று ஊர் பயந்தது. கிளப் தலைவர் தோன் அனிசெத்தோ, ஊரின் ஒரே பேக்கரி அவருடையது, பெரிய மனிதர் என்பதால் எல்லோரும் அவரைத் தோன் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், அவர்தான் வழி கண்டுபிடித்தார்.

"அவனையே பயிற்சியாளராப் போட்டுடுவோம். ஆடுறப்போ மைதானத்தில் நின்னான், இனிமே பெஞ்சில் உட்காருவான். சூடு அதே சூடுதானே?"

ஆனால் இசித்ரோ நல்ல பயிற்சியாளனாக இருந்தான். ஊர் இதை எதிர்பார்க்கவே இல்லை. ஆட்டக்காரர்களைப் பந்தே இல்லாமல் ஒரு மணி நேரம் ஆடவைப்பான்; நீ இரண்டடி இடது பக்கம், நீ பின்னால், நீ அவன் மூச்சு விடுகிற இடத்தில் என்று நகர்த்திக்கொண்டே இருப்பான்; பந்தைக் கையில் எடுக்கும்போது பந்துக்குப் போக்கிடம் ஒன்றுதான் இருக்கும். "வாத்தியாரே" என்றுதான் ஆட்டக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள், அந்தக் கண்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏழே வருடத்தில் மூன்றாம் பிரிவில் கிடந்த அணி முதல் பிரிவுக்கு ஏறியது. பத்திரிகைகள் எழுதியது வேறு: சாந்தா ரூமியின் வெதுவெதுப்பான மைதானம், மலை உச்சியில் பனி உறையாத அதிசயப் புல்தரை. வாத்தியாரின் பெயர் கடைசிப் பத்தியில் எழுத்துப் பிழையோடு வந்தது.

சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது இதற்குள் ஊரின் வழக்கமாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. குளிருக்குப் பயந்தவர்கள் தாங்களாகவே செய்தார்கள். திங்கட்கிழமைகளில் தோன் அனிசெத்தோ வெளிநாட்டு விளையாட்டுச் செய்தியை இசித்ரோவின் ஜன்னலுக்குக் கீழே நின்று உரக்கப் படித்தார். அவன் குடியிருந்த மேலத்தெருவுக்குக் கஸ்பார் ரியோஸ் தெரு என்று பெயர் வைத்தார்கள். கஸ்பாருக்கு வெண்கலச் சிலை எடுத்து, ஊரில் வேறு இடமே இல்லாததுபோல் இசித்ரோவின் வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். காலையில் அவன் கதவைத் திறந்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கஸ்பார் நிற்பான். சிலையின் கீழே, நெஞ்சில் வந்து உட்கார்ந்த அந்தப் பந்தைப் பற்றி நாலு வரி இருந்தது. பந்து எங்கிருந்து வந்தது என்று இல்லை.

இசித்ரோவின் மனைவி எதெல்வினா சுரங்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவள். அவளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "உன்னை அடுப்பாக்கிட்டாங்க" என்பாள். "ஊர் கஸ்பாரைக் கொண்டாடுது, அதில் என்ன தப்பு" என்பான் அவன். அவள் வாணலியை அவன் வயிற்றருகே கொண்டுபோனால் முட்டை வேகும். கொண்டுபோகமாட்டாள்.

அவன் பயிற்சியாளனான பதினான்காம் வருடம் ஆகஸ்டில் வந்தது அந்தக் குளிர். தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன, சுமை தூக்கும் லாமா விலங்குகள் நின்றபடியே செத்தன, ஆஸ்பத்திரியில் பதினோரு கைக்குழந்தைகள் இருமிக்கொண்டு கிடந்தன. அந்த மாதம் பார்த்து வெளிநாட்டிலிருந்து கஸ்பாரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவன் ஆட்டத்தை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. இசித்ரோவின் சூடு அவன் வீட்டுச் சுவரைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் காலை தோன் அனிசெத்தோவும், நகராட்சியில் உறுப்பினர்களான இரண்டு பெண்களும் ஆஸ்பத்திரிக்கு வந்து எதெல்வினாவைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"ஒரே ஒரு வார்த்தை, எதெல்வினா" என்றார் அனிசெத்தோ. "கல்யாணத்துக்கு முன்னாடி திருவிழாவில் நீ கஸ்பாரோடு நடனம் ஆடினது ஊருக்கே தெரியும். அதைப் பற்றி இசித்ரோ காதில் ஒரு வார்த்தை."

"தோன் அனிசெத்தோ, நீங்க பெரிய மனுஷர். வெளியே போங்க."

அவர் போனார். அவள் அன்று முழுக்கக் குழந்தைகளுக்கு நடுவே நடந்தாள். ஒரு பெண் குழந்தையின் நகம் நீலமாக இருந்தது, தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், நிறம் மாறவில்லை. மறுநாள் காலை இசித்ரோவுக்கு ரொட்டியை வெட்டி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்து அவள் சொன்னாள்:

"அந்த வருஷம் கஸ்பார் கேட்டிருந்தா, நான் அவன்கூடப் போயிருப்பேன்."

இசித்ரோ ரொட்டியைக் கீழே வைத்தான். "யார் சொல்லச் சொன்னாங்க?"

"சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லிட்டேன்."

"பொய்தானே?"

அவள் பதில் சொல்லுவதற்குள் மேசை விரிப்பு ஓரத்தில் கருகியது. அன்றைக்குச் சாந்தா ரூமியில் குழாய்களில் தண்ணீர் வந்தது, தகரக் கூரைகள் சொட்டின, ஜன்னல் தொட்டிகளில் ஜெரானியம் பூத்தது, சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்கள் மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள், பதினோரு குழந்தைகளும் பிழைத்தன. அந்த நீல நகக்காரிக்கு நிறம் வந்தபோது எதெல்வினா அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போனபோது இசித்ரோவின் பெட்டி இல்லை. அவன் மைதானத்தில் உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில், பந்தும் வலையும் போட்டுவைக்கும் கிட்டங்கியில் குடியேறிவிட்டான்.

அவள் மூன்று முறை போய்க் கதவைத் தட்டினாள். "குழந்தைகளுக்காகச் சொன்னேன் இசித்ரோ." அவன் உள்ளேயிருந்து, "தெரியும். பொய்யான்னுதான் கேட்டேன்" என்றான். மூன்று முறையும் அவள் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் ஊருக்குக் குளிர்காலமே வரவில்லை. வற்றல் போடுகிறவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னும் மேலே, பனிமலை அடிவாரத்துக்குப் போனார்கள். இசித்ரோ மெலிந்தான், உதடு வெடித்தது, தலைமுடியில் கருகிய வாடை வந்தது, அவன் தண்ணீர் குடித்தால் உள்ளே சுர்ரென்று சத்தம் கேட்டது. கண்ணை மூடினால் திருவிழா வரும், திருவிழாவில் அவள் ஆடியது வரும், அவளுடைய மஞ்சள் பாவாடை வரும். அந்தக் கேள்வியை வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு அவன் அணியை நடத்தினான், அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. அவனுடைய ஐம்பத்திரண்டாம் வயதில், ஜூலை மாதம், சாந்தா ரூமி தன் வரலாற்றில் முதல்முறையாகத் தேசியக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது. எதிரே தலைநகர் அணி. ஆட்டம் சாந்தா ரூமியிலேயே நடக்கும், ஒரு நிபந்தனையோடு: சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கால்பந்துச் சங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இரும்புக் கம்பியை மைதானத்தில் குத்திப் பார்ப்பார், கம்பி உள்ளே இறங்காவிட்டால் ஆட்டம் தலைநகருக்குப் போய்விடும்.

தோன் அனிசெத்தோ எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடுகிறவர் இல்லை. கோப்பை ஆட்டத்துக்குக் கௌரவ விருந்தாளியாகக் கஸ்பார் ரியோஸையே வரவழைத்தார். அவன் நாடு திரும்பி எங்கோ கீழே அக்கா வீட்டில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுக் கடிதம் போட்டிருந்தார். வரச் சம்மதம் என்று அக்காவே எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேருந்து வந்தது. பாண்டு வாத்தியம் தொடங்கியது. இறங்கிய ஆளுக்கு நரைத்த சுருட்டை முடி, பொத்தான் மாறிப்போட்ட கோட்டு, நெஞ்சில் ஊக்கால் குத்திய ஒரு காகிதம். அதில் அவன் பெயரும், இவனைத் திரும்ப அனுப்ப வேண்டாம் என்னும் ஒரு வரியும். அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்பு மட்டும் பழையது, பிறகு பக்கத்திலிருந்தவரிடம் மரியாதையாகக் கேட்டான்:

"ஐயா, இது எந்த ஊர்?"

இருபது வருடம் தலையால் பந்தை முட்டி முட்டிக் கஸ்பாரின் தலைக்குள் ஒன்றுமே மிச்சமில்லை. அனிசெத்தோ காகிதத்தைப் பிய்த்து எடுத்தார், பொத்தானைச் சரியாகப் போட்டார், பளபளக்கும் பட்டை ஒன்றைக் குறுக்கே மாட்டினார், "சிரிச்சுக்கிட்டே இருங்க, ஒன்றும் பேசாதீங்க" என்று சொல்லி, கைதட்டலுக்கு நடுவே அவனை மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போய், இசித்ரோ இருந்த உடைமாற்றும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

இருபத்துமூன்று வருடம் கழித்து இருவரும் எதிரெதிரே நின்றார்கள். கஸ்பார் அறைக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றினான். "இங்கே இதமா இருக்கு" என்றான்.

"என்னைத் தெரியுதா?"

"மன்னிக்கணும். எனக்கு இப்போ ஆட்களைத் தெரியறதில்லை." கஸ்பார் பெஞ்சில் உட்கார்ந்து கைகளை முட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த பழைய அணிப் படத்தைக் காட்டி, "நான் பந்து விளையாடினேன்னு அக்கா சொல்றா. நிஜமா? நல்லா விளையாடினேனா?"

இருபத்தெட்டு வருடமாக எரிந்தவன் இசித்ரோ. அந்தக் கேள்விக்கு அவனைத் தவிர இந்த உலகத்தில் யாரால் பதில் சொல்ல முடியும்? ஒவ்வொரு கோலும் அவனுக்குள் இருந்தது, நிமிடம், காற்றின் திசை, எந்தக் கால், எதிராளியின் சட்டை எண், எல்லாம். எரிந்து எரிந்து அவன் அவற்றைக் கெடாமல் வைத்திருந்தான். எதிரே இருப்பவனிடம் ஒன்றுகூட இல்லை.

"ஜூன் மாசம். ஞாயிற்றுக்கிழமை" என்று தொடங்கினான் இசித்ரோ. "எழுபத்தோராவது நிமிஷம். நீ முன்னாடி தனியா நிக்கறே. நாற்பது கஜத்திலிருந்து பந்து வருது, நீ நெஞ்சில் வாங்கிக் கீழே விட்டு, இடது காலால் அடிச்சே. கோல்கீப்பர் அசையவே இல்லை."

கஸ்பார் வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு அவன் புருவம் சுருங்கியது. தலைக்குள் எல்லாம் போயிருந்தாலும் அவன் பந்து ஆடியவன்.

"பந்து தானா வராதே. யார் கொடுத்தது?"

இசித்ரோ தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "நான்."

"நாற்பது கஜமா?"

"நாற்பது."

"நல்ல பாஸ்" என்றான் கஸ்பார்.

இசித்ரோ சுவரில் சாய்ந்தான். வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று, ஒரே ஒரு கரித்துண்டு அளவுக்கு, வெளியேறிப் போனது. இரண்டாவது கோலைச் சொன்னான், மழையில் போட்டது. "யார் கொடுத்தது?" என்று கஸ்பார் கேட்டான், ஏனென்றால் முதலாவதை அவன் அதற்குள் மறந்திருந்தான். "நான்." "நல்ல பாஸ்." மூன்றாவதைச் சொன்னான். நான்காவதைச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் கஸ்பார் முதல்முறை கேட்பவனைப்போல வியந்தான், ஒவ்வொன்றுக்கும் யார் கொடுத்தது என்று கேட்டான், ஒவ்வொன்றுக்கும் மனமாரச் சொன்னான், நல்ல பாஸ், நல்ல பாஸ், அருமையான பாஸ். வெளியே ஜன்னல் கண்ணாடியின் மூலையில் பனி பூக்கத் தொடங்கியது.

இருபத்துமூன்றாவது கோலில் தோன் அனிசெத்தோ கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் மீசையில் பனி இருந்தது.

"இசித்ரோ, நடுவட்டம் இறுகுது. என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"பேசிக்கிட்டிருக்கோம்."

"பேச்சை நிறுத்து. மணி பன்னிரண்டு. மூணு மணிக்கு ஆள் வர்றான். இது உன் கோப்பை, எங்க கோப்பை மட்டும் இல்லை. பதினாறு வருஷ உழைப்பு. ஊருக்கு முன்னாடி ஜெயிக்கணும்னு நீ நினைக்கலையா?"

நினைத்தான். அதைத் தவிர வேறு எதையும் நினைக்காத வருடங்கள் இருந்தன. வயிற்றைத் தொட்டுப் பார்த்தான், இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போது நிறுத்தினால், ஒரு திருவிழாவையும் ஒரு மஞ்சள் பாவாடையையும் நினைத்துக்கொண்டால், மூன்று மணிக்குள் மைதானம் இளகிவிடும். அவனுக்கு வழி தெரியும். அவன் அனிசெத்தோவைப் பார்த்தான், கஸ்பாரைப் பார்த்தான்.

"அப்புறம்?" என்றான் கஸ்பார். "வலது பக்கம் ஓடினேன். அப்புறம்?"

"தோன் அனிசெத்தோ, கதவைச் சாத்துங்க. குளிர் உள்ளே வருது" என்றான் இசித்ரோ.

மூன்று மணிக்கு அதிகாரி கம்பியைக் குத்தினார். அது மணி அடித்ததுபோல் ஒலித்துத் தெறித்தது. அதே நேரத்தில் உள்ளே இசித்ரோ அறுபத்தொன்றாவது கோலைச் சொல்லி முடித்து, அறுபத்தொன்றாவது முறையாக அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டுவிட்டு, பற்கள் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிச் சட்டையோடு ஓடிவந்த எதெல்வினா இரண்டு கம்பளிகளை எடுத்துவந்தாள். ஒன்றைக் கஸ்பாருக்குப் போர்த்தினாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கணவனின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு போர்த்திவிட்டாள். கஸ்பாரைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள், போக அவனுக்கு வேறு இடம் இல்லை.

ஆட்டம் தலைநகரில் நடந்தது. சாந்தா ரூமி எண்பத்தெட்டாவது நிமிடம் வரை கோல் விடவில்லை. பிறகு ஒருவன் முதுகில் பட்டுத் திரும்பிய பந்து உள்ளே போய்விட்டது, தோற்றார்கள். அடுத்த நாள் தலைநகர்ப் பத்திரிகை ஒன்று மூன்று பத்தி எழுதியது: தொண்ணூறு நிமிடத்தில் தோற்ற அணியின் ஒரு ஆள்கூட ஒருமுறைகூடத் தவறான இடத்தில் நிற்கவில்லை என்று. இசித்ரோ கோண்டோரியின் பெயர் முதல் வரியிலேயே, பிழையில்லாமல் இருந்தது. அவன் அதை இரண்டுமுறை படித்தான்.

சாந்தா ரூமியில் அதைப் படிக்கிற மனநிலையில் யாரும் இல்லை. ஊர் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு விட்ட இடத்தில் குளிரை மறுபடி பிடித்துக்கொண்டது. அடுப்பு வாங்கினார்கள், குழாய்களுக்குச் சாக்கு சுற்றினார்கள், நாய்கள் வேறு வாசல் தேடின, கோயிலில் தாய்மார்கள் அவனுக்கு இடம் விட்டு உட்காரவில்லை. மேலத்தெருவில் ஒருத்தி, ஈரத் துணியை உதறிக்கொண்டே, "வேணும்னே ஆறிட்டான்" என்றாள். அது உண்மைதான். வற்றல் போடுகிறவர்கள் மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்து, அவன் வாசலில் ஒரு மூட்டை வைத்துவிட்டுப் போனார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் கிளப் கூட்டம் போட்டு, இசித்ரோவின் நீண்ட சேவைக்கு நன்றி சொல்லி, அவனை விலக்கியது. தீர்மானத்தைப் படித்த அனிசெத்தோவின் குரல் உடைந்தது. குளிரா துக்கமா என்று தெரியவில்லை.

செப்டம்பரில், கீழே சமவெளியில், மாமரமும் கொசுவும் உள்ள ஓர் ஆற்றங்கரை ஊரிலிருந்து தந்தி வந்தது. அனுப்பியவர்கள் தலைநகர்ப் பத்திரிகையைப் படித்தவர்கள். இரண்டாம் பிரிவு அணி, வருவீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

மூன்று பேரும் பேருந்தில் ஏறினார்கள். கஸ்பார் ஜன்னலோரம், இசித்ரோ நடுவில், எதெல்வினா இந்தப் பக்கம். சிலையைத் தாண்டும்போது கஸ்பார் அதைப் பார்த்து, "பாவம், அவருக்குக் கால் வலிக்கும்" என்றான். பேருந்து மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. முதல் மரம் வந்தது, பிறகு மரங்கள் வந்தன, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு துணி என்று எதெல்வினா தொப்பியை, கையுறையை, வெளிச் சால்வையை, உள் சால்வையைக் கழற்றி மடியில் அடுக்கிக்கொண்டே வந்தாள். இசித்ரோ மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. அவன் இன்னும் குளிருக்குப் பழகவில்லை.

"எதெல்வினா" என்றான். "அன்றைக்குக் கேட்டேனே."

"கேட்டே."

"இப்போ சொல்லு."

அவள் மடியிலிருந்த துணிகளைத் தட்டிச் சமன்படுத்தினாள். "பொய் இல்லை. எனக்குப் பதினெட்டு வயசு. அவன் கேட்டிருந்தா போயிருப்பேன். அதனால்தான் அந்த வார்த்தைக்கு அவ்வளவு சூடு வந்தது, பொய்க்கு வந்திருக்காது. அவன் கேட்கலை. நீ கேட்டே. முதல் ரெண்டு வருஷம் நினைச்சுப் பார்த்திருக்கேன், ஒளிக்கமாட்டேன். அப்புறம் நினைக்க நேரமில்லை."

"யாரைப் பற்றிப் பேசறீங்க?" என்று ஆர்வமாகத் திரும்பினான் கஸ்பார்.

"எங்க தெருப் பையன் ஒருத்தனைப் பற்றி" என்றான் இசித்ரோ.

"நல்லவனா?"

"நல்லவன்தான். நல்லா ஓடுவான்."

கஸ்பார் திருப்தியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இசித்ரோ கண்ணை மூடி, கை இரண்டையும் வயிற்றின்மேல் வைத்து, சூடு வருகிறதா என்று காத்திருந்தான். வலித்தது. நெஞ்சுக்குள், கொஞ்சம் இடது பக்கமாக, மனைவி சொன்ன உண்மையைக் கேட்கிற எந்த மனிதனுக்கும் வலிப்பதுபோல் வலித்தது. கஸ்பாரின் மூச்சுப் பட்டுப் பேருந்துக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரம் காயாமல் அப்படியே இருந்தது. அவன் எதெல்வினாவின் மடியிலிருந்து உள் சால்வையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டான், அதில் அவள் சூடு இருந்தது.